சூடேறினால் நிற்கும் இறைப்பு மிசின்: கரி எங்கே பிடித்தது, ஏன் பிடித்தது

யாழ்ப்பாணம் நீர்வேலியில் எங்கள் வாழைத் தோட்டம் கரண்ட் கம்பி போகும் தெருவிலிருந்து மூன்று காணி உள்ளே தள்ளி இருக்கிறது. ஊரில் பலர் மோட்டருக்கு மாறிவிட்ட பிறகும் நாங்கள் மண்ணெண்ணெய் மிசினில் இறைப்பதற்கு அதுதான் காரணம். மிசின் ஜப்பான் றொபின், ஈ.வை. 20. 183 சிசி, ஐந்து குதிரைவலு, இரண்டு இஞ்சிப் பம்ப். அப்பா வாங்கி இருபது வருடத்துக்கு மேல். பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, சூடேறியதும் தாங்கிக்குக் கீழே இருக்கும் பைப்பை மண்ணெண்ணெய்ப் பக்கம் திருப்புகிற மாதிரி.

ஆடி பிறந்த கிழமை சோளகம் அடித்துக்கொண்டிருந்தது. மண் ஒரு நாளில் காய்ந்து வெடிக்கிற காலம். அன்று மிசின் இருபத்தைந்து நிமிடம் நன்றாக ஓடிவிட்டு, சத்தம் மெல்ல இறங்கி நின்றுவிட்டது. கயிறு இழுத்தேன், பிடிக்கவில்லை. அரை மணித்தியாலம் கழித்து இழுத்தால் முதல் இழுவையிலேயே பிடித்தது. பிறகு இருபது நிமிடத்தில் திரும்பவும் நின்றது. கடைவாய்க்கால் வரை தண்ணீர் போகவே இல்லை. அன்றைக்கு நாலு முறை இப்படி.

ஆறினால் ஓடும், சூடேறினால் நிற்கும். இந்த அறிகுறிக்கு மூன்று நாலு காரணம் இருக்கலாம். எல்லாமே வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரித்தான் தெரியும். அதனால் எதையும் கழற்றுவதற்கு முதல் ஒவ்வொன்றாக விலக்கிக்கொண்டு வந்தேன்.

முதலில் தாங்கி மூடி. மூடியில் இருக்கும் காற்றுத் துவாரம் அடைபட்டால், எண்ணெய் இறங்க இறங்க உள்ளே வெற்றிடம் உண்டாகி ஓட்டம் நின்றுவிடும். கொஞ்ச நேரத்தில் காற்று கசிந்து உள்ளே போனதும் திரும்ப ஓடும். மூடியைத் தளர்த்தி வைத்துவிட்டு ஓட்டினேன். அதே இருபது நிமிடம். எண்ணெயைக் காற்றோடு கலக்கும் காபிரேற்றரின் கிண்ணத்து அடித் திருகைக் கழற்றிப் பார்த்தேன், எண்ணெய் தாராளமாக வந்தது. ஆக, குற்றம் எண்ணெயில் இல்லை.

அடுத்தது கொயில், பிளக்குக்குப் பொறி கொடுக்கிற சுருள். பழைய கொயில்கள் சூட்டில் செத்து, ஆறினால் உயிர் வரும். அதைப் பார்க்க மிசின் நின்ற அந்த நிமிடமே பார்க்க வேண்டும், ஆறவிட்டால் ஒன்றும் தெரியாது. வேறொரு பிளக்கைக் கையில் தயாராக வைத்திருந்தேன். நின்றதும் பிளக் தொப்பியை இழுத்து அதில் மாட்டி, மண்ணெண்ணெய் சிந்தியிருக்கும் இடத்துக்குத் தூரமாக, மிசின் உடம்பில் முட்ட வைத்துக் கயிற்றை இழுத்தேன். நல்ல நீலப் பொறி. குற்றம் கொயிலிலும் இல்லை.

பிளக்கைக் கழற்றாமல் அப்படியே இன்னொரு தடவை கயிற்றை மெதுவாக இழுத்தபோதுதான் விசயம் கைக்குத் தெரிந்தது. சாதாரணமாக ஒரு இடத்தில் கயிறு முட்டும். பிஸ்டன் மேலே வந்து காற்றை அழுத்துகிற இடம் அது, கையை உள்ளே இழுக்கிற மாதிரி ஒரு பிடி இருக்கும். அந்தப் பிடி இல்லை. கயிறு கிணற்று வாளிக் கயிறுபோலச் சும்மா வந்தது. அரை மணித்தியாலம் பொறுத்து இழுத்தேன். பிடி திரும்ப வந்துவிட்டது.

பக்கத்துத் தோட்டத்து அண்ணை வரம்பில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முந்திப் பல வருடம் மிசின் திருத்தினவர்.

“தம்பி, சூட்டில அழுத்தம் போகுது, ஆறினா வருகுதெண்டால் காபிரேற்றரைத் தொடாத. வால்வு கரியில இறுகுது. ஹெட்டைக் கழட்டு.”

அவர் சொன்னதன் உள்விளக்கம் இதுதான். நாலு அடி (ஃபோர் ஸ்ட்ரோக்) மிசின் ஒரு முறை வேலை செய்ய வேண்டுமானால் உறிஞ்ச வேண்டும், அழுத்த வேண்டும், எரிக்க வேண்டும், புகையை வெளியே தள்ள வேண்டும். அழுத்துகிற நேரத்திலும் எரிகிற நேரத்திலும் உறிஞ்சு வால்வு, புகை வால்வு இரண்டும் இறுக மூடியிருக்க வேண்டும். வால்வின் தண்டு ஒரு குழலுக்குள் ஏறி இறங்குகிறது. இரண்டுக்கும் இடையில் இருக்கும் இடைவெளி தலைமயிர் அளவுதான். அதற்குள் கரியும் பிசினும் படிந்தால், குளிராக இருக்கும்போது எப்படியோ வழுக்கிக்கொண்டு போகும். சூட்டில் தண்டு பருக்கும், இடைவெளி இன்னும் குறையும். ஸ்பிரிங் தள்ளினாலும் வால்வு கீழே தான் உட்கார்ந்து மூடும் இருக்கைக்கு வந்து சேராது. மூடாத வால்வு வழியே அழுத்தம் போய்விடும். மிசின் நிற்கும். ஆறும்போது தண்டு சுருங்கி, வால்வு தானாக மூடிக்கொள்ளும்.

இந்த றொபின் பக்க வால்வு மிசின். வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் புளொக்குக்குள்ளேயே நிற்கின்றன, மேலே இருக்கும் ஹெட் வெறும் அலுமினிய மூடி. புதிய மிசின்கள் இதைவிட எண்ணெய் குறைவாகக் குடிக்கும், அது உண்மை. ஆனால் வீட்டு விறாந்தையில் வைத்து ஒரு மனிதன் தனியாகத் திறந்து பார்க்கக்கூடிய மிசின் இது. அந்தக் குணத்துக்காகவே இதை விற்க எனக்கு மனமில்லை.

தாங்கியைக் கழற்றி, காற்றுத் தகட்டைக் கழற்றி, ஹெட் போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக அரைச் சுற்று அரைச் சுற்றாகத் தளர்த்தினேன். ஒரு பக்கத்தை முழுக்கக் கழற்றிவிட்டு மற்றப் பக்கத்துக்குப் போனால் அலுமினியம் வளையும். ஹெட்டை மரக்கட்டையால் மெல்லத் தட்டியதும் விட்டது.

உள்ளே பிஸ்டன் தலை தெரியவே இல்லை. அடுப்படிச் சுவரைப்போலக் கறுப்பு. உறிஞ்சு வால்வுப் பக்கம் கரி ஈரமாக, தார் போல நகத்தில் ஒட்டியது. புகை வால்வுப் பக்கம் சாம்பல் நிறத்தில் காய்ந்து, ஓடு ஓடாக வெடித்திருந்தது. தடித்த இடத்தில் ஒன்றரை மில்லிமீற்றர் இருக்கும். இந்தக் கரி இடத்தை அடைப்பதோடு நிற்பதில்லை. எரியறையின் கொள்ளளவு குறைவதால் அழுத்தம் கூடுகிறது. மண்ணெண்ணெய் அழுத்தம் கூடினால் தாங்காமல் தானாக வெடித்துத் தட்டும் எண்ணெய், அதனால்தான் மண்ணெண்ணெய் மிசின்களை அழுத்தம் குறைவாகச் செய்கிறார்கள். அதோடு கரியின் முனைகள் சிவந்து தணல் போல நின்று, பொறி இல்லாமலே பற்ற வைக்கும். கடந்த சில மாதமாகச் சுவிட்சை அமத்தின பிறகும் மிசின் இரண்டு மூன்று தரம் உதறிவிட்டுத்தான் நின்றது. அது ஒரு எச்சரிக்கை. அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

சக்கரத்தைக் கையால் மெதுவாகச் சுற்றினேன். உறிஞ்சு வால்வு ஏறியது, இறங்கியது. புகை வால்வு ஏறியது, இறங்கி வந்தது, இருக்கையைத் தொட ஒரு கடதாசி கனம் மிச்சம் வைத்து நின்றுவிட்டது. பெருவிரலால் அழுத்தினேன். தேனுக்குள் கரண்டி இறங்குகிற மாதிரி மெல்ல இறங்கி மூடியது. மிசின் குளிர்ந்திருக்கும்போதே இப்படியென்றால் சூட்டில் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வால்வைக் கழற்ற முதல் அதன் அடித் தண்டுக்கும் அதை மேலே தூக்கும் தள்ளிக்கும் இடையிலுள்ள இடைவெளியை அளந்துகொண்டேன். அந்த இடைவெளி இல்லாமல் போனாலும் சூட்டில் தண்டு நீண்டு வால்வு திறந்தே நிற்கும், அறிகுறி அச்சொட்டாக இதேதான். 0.1 மில்லிமீற்றர் அளவுத் தகடு லேசாக உரசிக்கொண்டு போனது. ஆக, குற்றம் கரியில்தான்.

பக்க மூடியைத் திறந்து, ஸ்பிரிங்கை உயர்த்தி, அதைத் தண்டில் பிடித்திருக்கும் பூட்டை எடுக்க வேண்டும். அங்கே கீழே ஒயில் தொட்டிக்குப் போகும் துவாரம் இருக்கிறது. பழந்துணியை அதில் திணித்துவிட்டுத்தான் கையை வைத்தேன். பூட்டு உள்ளே விழுந்தால் மிசினை முழுதாகப் பிரிக்க வேண்டி வரும்.

புகை வால்வின் தண்டைக் கையில் எடுத்துப் பார்த்தால், மேல் பாதியில் மண்ணிறமான ஒரு பூச்சு. நகத்தால் சுரண்ட வரவில்லை. பெற்றோலில் ஒரு இரவு ஊறவைத்தும் அசையவில்லை. எரிந்து கெட்டியான கரி எண்ணெயில் கரையாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். உறிஞ்சு வால்வில் இருந்த தார் மாத்திரம் ஊறலில் விட்டது.

சுரண்டுவதற்குத் திருப்புளியையோ கத்தியையோ எடுக்காதீர்கள். அலுமினியம் மெது. கீறல் விழுந்த இடத்தில் அடுத்த கரி இன்னும் இலேசாகப் பிடிக்கும். நான் வைரம் ஏறிய பனஞ்சலாகைத் துண்டு ஒன்றைக் கத்தியால் சீவி உளிபோல முனை வைத்துக்கொண்டேன். கரியை விடக் கடினம், அலுமினியத்தை விட மெது. முனை மழுங்க மழுங்கத் திரும்பச் சீவிக்கொண்டால் சரி. பிஸ்டனை முழுக்க மேலே கொண்டுவந்து, அதன் விளிம்புக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள கோட்டில் கிறீஸ் பூசினேன். உதிரும் கரித்தூள் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் றிங்குக்குள் போகாமல் கிறீஸில் ஒட்டிக்கொள்ளும், பிறகு துடைத்து எடுக்கலாம். பிஸ்டன் தலையின் வெளி விளிம்பில் ஒரு மெல்லிய கரி வளையத்தை விட்டுவைத்தேன். தேய்ந்த மிசின்களில் அந்த வளையம் ஒயில் மேலே ஏறாமல் தடுக்கும் என்று பழைய மிசின்காரர் அதைத் தொடமாட்டார்கள். அண்ணையும் அதையேதான் சொன்னார்.

தண்டை மிக நைசான எமறிக் கடதாசியால், ஒயில் தொட்டு, சுற்றிச் சுற்றித் துடைத்தேன். நோக்கம் கரியை எடுப்பது, இரும்பைத் தேய்ப்பது இல்லை. இரும்பின் மினுக்கம் தெரிந்ததும் நிறுத்த வேண்டும். குழலுக்குள்தான் பாடு. சைக்கிள் கம்பி ஒன்றின் முனையில் பருத்தித் துணி சுற்றி, காபிரேற்றர் கழுவுகிற திரவத்தில் நனைத்து, உள்ளே விட்டுத் திருகினேன். துணி கறுப்பாக வரும், புதுத் துணி, மறுபடி கறுப்பு. பதினேழாவது துணிதான் வெள்ளையாக வந்தது. பிறகு வால்வை உலர்ந்தபடியே குழலில் வைத்துக் கையை விட்டேன். தன் பாரத்திலேயே விழுந்து ‘டொக்’ என்று இருக்கையில் முட்டியது. அந்தச் சத்தத்துக்காக இரண்டு நாள் காத்திருந்தேன்.

இருக்கையில் சின்னச் சின்னப் பள்ளங்கள் இருந்தன. மூடாத வால்வைச் சுற்றி எரிவாயு பீறிட்டுப் போனதன் அடையாளம். அரைக்கும் பேஸ்ற்றில் கரட்டை முதலும் நைசைப் பிறகும் பூசி, றப்பர் கிண்ணித் தடியால் வால்வைப் பிடித்து, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் மத்துக் கடைவதுபோல் இடம் வலமாகச் சுழற்றினேன். இடையிடையே தூக்கிக் கொஞ்சம் திருப்பி வைக்க வேண்டும், ஒரே இடத்தில் தேயக் கூடாது. சுற்றிவர ஒரே அகலத்தில் சாம்பல் நிற வளையம் வந்ததும் நிறுத்தினேன். பேஸ்ற் ஒரு துளிகூட உள்ளே மிஞ்சக் கூடாது. மிஞ்சினால் அது ஒயிலோடு கலந்து மிசினையே அரைக்கும்.

பூட்டிவிட்டு, வால்வின் மேல் மண்ணெண்ணெய் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டேன். சைலன்சர் பூட்டும் வாய் வழியே டோர்ச் அடித்துப் பார்த்தால் ஈரம் இல்லை. அரைத்த பிறகு வால்வு சற்றுக் கீழே இறங்கி உட்காரும், அதனால் தண்டின் அடி இடைவெளி குறையும். திரும்ப அளந்தபோது 0.1 தகடு போகவில்லை. இந்த மிசினில் திருகிச் சரிசெய்ய வசதி இல்லை, தண்டின் அடியைத்தான் துளித்துளியாக அரத்தில் தேய்க்க வேண்டும். கூடத் தேய்த்துவிட்டால் வால்வு வீண். நாலு தடவை கழற்றிப் பூட்டி அளவுக்குக் கொண்டுவந்தேன். நேராகத் தேய்க்கக் கை பழகாதவர்கள் இந்த ஒரு வேலையை லேத் பட்டறையில் கொடுப்பது நல்லது.

சைலன்சரை சிரட்டை நெருப்பில் போட்டுச் சிவக்க விட்டு, ஆறிய பின் தட்டினேன். ஒரு பிடி கரி கொட்டியது.

இதுவரை செய்தது துப்புரவுதான். கரி ஏன் வந்தது என்று பார்க்காமல் பூட்டியிருந்தால் அடுத்த வருடமும் இதே வேலை. அதற்கான விடை ஒயில் தொட்டியில் இருந்தது. அளவுக் கம்பியை எடுத்தேன். ஒயில் மேல் கோட்டையும் தாண்டி நின்றது. நாங்கள் ஊற்றாமலே ஒயில் கூடியிருக்கிறது. விரலில் தொட்டு மணந்தேன், மண்ணெண்ணெய் மணம். விரலிடுக்கில் தேய்த்தால் ஒயிலுக்குரிய வழுவழுப்பு இல்லை, தண்ணி.

பெற்றோல் சாதாரணச் சூட்டிலேயே ஆவியாகும். மண்ணெண்ணெய் ஏறக்குறைய 150 முதல் 300 பாகைக்குள் கொதிக்கிற கனத்த எண்ணெய். மிசின் சூடேற முதல் அதைக் கொடுத்தால் ஆவியாகாமல் துளித்துளியாகவே சிலிண்டருக்குள் போகும். பாதி எரிந்து கரியாகும். எரியாத மீதி சுவரில் இருக்கும் ஒயிலைக் கழுவிக்கொண்டு றிங்கைத் தாண்டிக் கீழே இறங்கும். தண்ணியாகிப்போன ஒயில் திரும்ப மேலே ஏறி அதுவும் எரிந்து கரியாகும். ஒரு பிழை இரண்டு வழியால் கரியைக் கொண்டுவருகிறது.

அப்படிச் சூடேற முதல் திருப்பினது யார்? நாங்கள்தான். 2022இல் பெற்றோலுக்கு கியூ, பிறகு கியூஆர் முறை, வாரத்துக்கு இவ்வளவுதான் என்ற கணக்கு. அந்த ஆவணியில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து ஒரே தாண்டலில் 340 ரூபாவுக்குப் போனது. கிடைத்த பெற்றோலை மோட்டார் சைக்கிளுக்கு வைத்துவிட்டு, மிசினுக்கு ஒரு மூடி பெற்றோலைக் காற்று வாயில் விட்டு இழுப்போம். பிடித்த கையோடு மண்ணெண்ணெய். நிறுத்தும்போதும் மண்ணெண்ணெயிலேயே நிறுத்துவோம். தட்டுப்பாடு போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை.

அப்பாவுக்கு இந்தப் பழக்கம் இன்னும் பழசு. தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இங்கே கண்ணில் காணாத பொருளாக இருந்தபோது, மோட்டார் சைக்கிள்களையும் கார்களையும் சில துளி பெற்றோலில் உயிர்ப்பித்து மண்ணெண்ணெயில் ஓட்டிய சனம் நாங்கள். அந்தக் கைப்பக்குவம் எங்களைக் காப்பாற்றியது. அதைக் குறையாக நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் அவரிடம் நேராகக் கேட்டேன்.

“அப்பா, அந்தக் காலத்தில எத்தனை நாளைக்கு ஒருக்கா ஹெட் கழட்டுறனீங்கள்?”

கொஞ்சம் யோசித்தார். “ரெண்டு மூண்டு மாசத்துக்கு ஒருக்காக் கழட்டிக் கரி தட்டுவம் தம்பி. அது கணக்கில இருந்த வேலை.”

அதுதான் விடுபட்டது. சிக்கனத்தை வைத்துக்கொண்டு, அதற்குரிய பராமரிப்பை விட்டுவிட்டோம்.

கெட்ட ஒயிலை வடித்து ஒரு கானில் மூடி வைத்திருக்கிறேன். வரம்பிலோ வேலியடியிலோ ஊற்றவில்லை. எங்களுக்கு வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை, சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கும் தண்ணீர்தான் உண்டு. மேலே ஊற்றுவது வெடிப்பு வழியே கிணற்றுக்கே வரும். சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த பிரச்சினையை 2014, 2015இல் பார்த்த பிறகு ஒரு சொட்டு ஒயிலையும் மண்ணில் விட எனக்குக் கை வராது.

யாழ்ப்பாண நகரில் ஸ்ரான்லி வீதியில் ஹெட் கஸ்கற், அதாவது ஹெட்டுக்கும் புளொக்குக்கும் இடையில் வைக்கும் தகடு, வாங்கி வந்தேன். பழையதைத் திரும்பப் போடக் கூடாது. ஹெட்டைக் கண்ணாடித் தட்டில் வைத்து வளைவு இல்லையென்று பார்த்து, போல்ட்டுகளைக் குறுக்கு வரிசையில் மூன்று தரமாக இறுக்கினேன். புது ஒயில், புது பிளக், இடைவெளி 0.7 மில்லிமீற்றர். கயிற்றைக் கையில் எடுத்தபோது அந்தப் பழைய பிடி கைக்கு வந்தது.

இப்போது ஓட்டும் முறை மாறிவிட்டது. பெற்றோலில் ஸ்டார்ட். பம்ப் தண்ணீர் எடுத்து, ஹெட்டுக்குப் பக்கத்தில் உள்ளங்கையை நீட்டினால் அனல் தெரியும் வரை பெற்றோலில்தான் ஓடும். எங்கள் மிசினுக்கு அது ஐந்து நிமிடம். அதன் பிறகு மண்ணெண்ணெய். நிறுத்த முதல் திரும்பப் பெற்றோலுக்கு மாற்றி, கிண்ணத்திலுள்ள மண்ணெண்ணெய் முழுதும் எரிந்து தீரும் வரை இரண்டு மூன்று நிமிடம் ஓடவிட்டு அமத்துகிறேன். அப்படிச் செய்தால் அடுத்த நாள் ஸ்டார்ட்டுக்குக் கிண்ணத்தில் பெற்றோலே நிற்கும். ஒரு இறைப்புக்குப் பெற்றோல் கொஞ்சம் கூடத்தான் போகிறது. கஸ்கற், பேஸ்ற், ஒயில், இரண்டு நாள் இறைப்பு இல்லாமல் வாடிய குலைகள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் அது எனக்கு நட்டமாகத் தெரியவில்லை.

முதல் நாள் மூன்று மணித்தியாலம் நிற்காமல் ஓடியது. வாய்க்காலின் கடைசி வாழைக்குத் தண்ணீர் போய்ச் சேர்ந்ததை அப்பா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்று பார்த்தார். அமத்தியதும் மிசின் உதறாமல் நின்றது.

நாற்பது மணித்தியாலம் ஓடிய பிறகு பிளக்கைக் கழற்றினேன். முனை காய்ந்து, வெளிறிய மண்ணிறம். பிளக் துவாரத்தால் டோர்ச் அடித்தால் பிஸ்டன் தலையில் மெல்லிய கறுப்பு மாத்திரம். அளவுக் கம்பியில் ஒயில் கோடு ஏறவில்லை. ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் இன்னும் ஒரு சிறு நீலப் புகை வருகிறது. அது றிங் தேய்மானம். மாரி தொடங்கி இறைப்பு நின்றதும் பிஸ்டனை வெளியே எடுப்பதாக இருக்கிறேன். றிங் செற் வாங்கி, ஒயில் கடதாசியில் சுற்றி, அலுமாரியில் வைத்திருக்கிறேன்.